ஏலமலைச் சாரலில் ஓர் ஒளிக் கோலம்



மதுரையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை எந்த ஊரில் போய் முடிகிறது என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பலருக்குத் தெரியாது. தெரிந்த பிள்ளை உடனே சொல்லும்: போடிநாயக்கனூர். அதற்கு மேல் பாதை போக இடமில்லை. எதிரே மலை நிற்கிறது. அந்த மலையடிவாரத்தில் சென்ற டிசம்பரில் மூன்று நாட்கள் தங்கியிருந்தேன். ஏலக்காய் மணத்தையும் மலைப்பனியையும் பற்றி உங்களுக்கு எழுத வேண்டும் என்றுதான் புறப்பட்டேன். ஆனால் அங்கே நான் கண்டது வேறு, கற்றதும் வேறு. என் பிழை ஒன்றும் அதில் அடங்கியிருக்கிறது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ரயில் முடியும் ஊர்

ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாதை 1928ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மலையில் விளையும் ஏலம், காப்பி, தேயிலை ஆகியவற்றைக் கீழே கொண்டு வந்து சேர்ப்பதே அதன் முதல் நோக்கம். மீட்டர் கேஜ் பாதையாக இருந்ததை அகலப் பாதையாக்குவதற்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் ரயிலை நிறுத்தினார்கள். பிறகு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் போடி மக்களுக்கு ரயில் இல்லை. 2022 மே மாதத்தில் தேனி வரையும், 2023 ஜூன் மாதத்தில் போடி வரையும் மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியது. உசிலம்பட்டியைக் கடந்து, ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி நுழையும்போது சன்னலோரம் அமர்ந்து பாருங்கள். வறண்ட செம்மண் மெல்ல மெல்லப் பசுமையாகி, தேனிக்கு அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல எழுந்து நிற்கும் காட்சி கண்ணை விட்டு அகலாது.

ஊருக்குள் இறங்கியதும் உங்களை வரவேற்பது மணம்தான். கடைகளிலும் கிடங்குகளிலும் ஏலக்காய் மூட்டைகள். கண்ணளவு வெவ்வேறான சல்லடைகளில் சலித்து எட்டு மில்லிமீட்டர் காய், ஏழு மில்லிமீட்டர் காய் என்று தரம் பிரிக்கிறார்கள். நறுக்குக் குலையாத பச்சை நிறமும் உருண்டு திரண்ட வடிவமும் உள்ள காய்க்கே நல்ல விலை. நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் மின்னணு ஏலம் நடக்கும் இரண்டு ஊர்களில் போடியும் ஒன்று. மற்றொன்று மலைக்கு மேலே இடுக்கி மாவட்டத்துப் புற்றடி. காலையில் இருள் பிரியுமுன் ஜீப்புகளில் ஏறி மலைத் தோட்டங்களுக்குச் செல்லும் பெண்கள் இந்த ஊரின் உயிர்நாடி. செடியின் அடியில், தரையோடு தரையாகப் படரும் சரங்களில்தான் ஏலம் காய்க்கிறது. நாள் முழுவதும் குனிந்து காய் எடுத்துவிட்டு, மாலையில் அதே ஜீப்பில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அவர்கள் வீடு திரும்புகிறார்கள். இந்தப் பெண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதியில் இவர்களை மீண்டும் சந்திக்கப் போகிறோம்.

சாம்பிராணிப் புகையில் ஒரு சதுரம்

என் தங்கையை மணமுடித்துக் கொடுத்திருக்கும் வீடு, ஊரைத் தாண்டி முந்தல் செல்லும் சாலையில், மலை ஏறத் தொடங்கும் இடத்துக்கு அருகில் இருக்கிறது. மொட்டை மாடியில் நின்றால் கீழ்வளைவுகளில் ஏறி இறங்கும் வண்டிகளின் விளக்குகள் மின்மினிகள்போல் தெரியும். வீட்டில் தங்கையின் மாமனார், அவருடைய துணைவியார், தங்கை, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன், ஐந்து வயது மகள் ஆகியோர் இருக்கிறார்கள். தங்கையின் கணவர் வெளிநாட்டில் பணிபுரிகிறார்.

நான் போய்ச் சேர்ந்த அன்று மாலை மின்சாரம் நின்றுபோயிற்று. மஃரிப் தொழுகை முடிந்த நேரம். வீடெங்கும் சாம்பிராணிப் புகை. “மாமு, வாங்க, ஒண்ணு காட்டுறேன்” என்று மருமகன் என் கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்தான். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக அவன் ஆயத்தம் செய்து வைத்திருந்த பொருள் மேசைமேல் இருந்தது. ஒரு பலகை, அதன் நான்கு மூலைகளிலும் நிறுத்திவைக்கப்பட்ட தீப்பெட்டி அளவுக் கண்ணாடித் துண்டுகள், ஓரத்தில் ஒரு லேசர் பேனா. அவ்வளவுதான்.

பேனாவின் பொத்தானை அழுத்தினான். முதல் கண்ணாடியில் ஒரு புள்ளி தெரிந்ததே தவிர வேறொன்றுமில்லை. பிறகு சாம்பிராணிச் சட்டியைத் தங்கை அருகே கொண்டு வந்தாள். புகை பலகையின் மேல் தவழ்ந்ததுதான் தாமதம், பசுமையான ஒளிக்கோடு ஒன்று காற்றில் உருவாகி, முதல் கண்ணாடியில் திரும்பி, இரண்டாவதில் திரும்பி, மூன்றிலும் நான்கிலும் திரும்பி, ஒரு முழுச் சதுரமாக நின்றது. கையால் தொடலாம் போலிருந்தது. ஐந்து வயதுச் சிறுமி உண்மையிலேயே தொட்டுப் பார்த்தாள். சதுரத்தின் ஒரு பக்கம் அவள் விரல் நுனியில் முடிந்து, எஞ்சிய பக்கங்கள் மறைந்தன. “உடைஞ்சிருச்சு!” என்று பதறிக் கையை எடுத்தாள். சதுரம் மீண்டும் வந்துவிட்டது.

இதன் சூத்திரம் மிக எளிது. கண்ணாடியில் ஒளி எந்தக் கோணத்தில் வந்து விழுகிறதோ அதே கோணத்தில் எதிர்ப்புறம் திரும்பும். ஆகவே, வேண்டிய வடிவத்தின் உட்கோணத்தில் பாதியைக் கணக்கிட்டுக் கண்ணாடிகளை நிறுத்தினால் போதும். சதுரத்தின் உட்கோணம் 90 பாகை. ஒளி 45 பாகையில் விழ வேண்டும். சமபக்க முக்கோணத்துக்கு மூன்று கண்ணாடிகள். உட்கோணம் 60, பாதி 30. ஐங்கோணத்துக்கு ஐந்து கண்ணாடிகள். உட்கோணம் 108, பாதி 54. புகை எதற்கு? தூய காற்றில் ஒளிக்கற்றை பக்கவாட்டில் நம் கண்ணுக்குத் தெரியாது. புகைத் துகளோ பனித் துளியோ குறுக்கிட்டு ஒளியைச் சிதறடித்தால்தான் அதன் பாதை நமக்குப் புலப்படும்.

குரல் வரைந்த ஓவியம்

அடுத்து அவன் காட்டியது இன்னும் அழகியது. இருபுறமும் திறந்த ஒரு தகர டப்பா. ஒரு வாயில் பலூனைக் கிழித்து இறுக்கமாக இழுத்துக் கட்டியிருந்தான். அந்த ரப்பர் சவ்வின் மேல், நடுவில் ஒட்டாமல் சற்றே விளிம்புப் பக்கமாக, நகக்கண் அளவுள்ள கண்ணாடிச் சில்லு ஒன்றை ஒட்டியிருந்தான். லேசர் ஒளி சில்லில் பட்டுச் சுவரில் புள்ளியாக விழுந்தது. டப்பாவின் மறுவாயில் உதடு வைத்து “ஓ” என்று அவன் நீட்டிக் குரல் கொடுத்தான். சுவரிலிருந்த புள்ளி நீள்வட்டமாயிற்று. குரலை உயர்த்தினான்; நீள்வட்டம் முறுக்கிக்கொண்டு எட்டு என்னும் எண்ணாயிற்று. நன்னியும் ஆசையோடு டப்பாவை வாங்கித் தம் பேத்தியின் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். அந்தப் பெயருக்கு ஒரு வடிவம் கிடைத்தது; கண் இமைப்பதற்குள் கலைந்தும் போயிற்று.

குரலால் சவ்வு அதிர்கிறது. சவ்வோடு கண்ணாடி சாய்ந்தாடுகிறது. கண்ணாடியோடு புள்ளி ஓடுகிறது. அது ஓடும் வேகத்தைக் கண்ணால் பின்தொடர முடியாததால் ஓடிய தடம் முழுவதும் ஒரே கோடாக நமக்குத் தோன்றுகிறது. இதை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் பிரெஞ்சு அறிஞர் ழூல் லிசாழு. 1857ஆம் ஆண்டு வாக்கில், ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த இரண்டு இசைக்கவைகளில் சிறு கண்ணாடிகளைப் பொருத்தி, ஒளியை இரண்டிலும் பட்டுத் தெறிக்கச் செய்து, ஒலியைக் கண்ணுக்குக் காட்டினார். இரண்டும் ஒரே சுருதியானால் வட்டமோ நீள்வட்டமோ சாய்கோடோ கிடைக்கும். ஒன்று மற்றொன்றைப்போல் இரு மடங்கானால் எட்டு வடிவம். இரண்டுக்கு மூன்று என்றால் பின்னிய வலைபோன்ற கோலம். அவர் காலத்தில் லேசர் இல்லை; விளக்கொளிதான்.

லேசர் பிறந்தது 1960ஆம் ஆண்டு மே 16 அன்று. அமெரிக்காவில் தியோடர் மைமன் என்பவர் செயற்கை மாணிக்கக் கல்லிலிருந்து அதைப் பெற்றார். அதே ஆண்டு டிசம்பரில் வாயுவிலிருந்து இடையறாத லேசர் ஒளியை எடுத்துக்காட்டிய குழுவின் தலைவர், ஈரானின் தெஹ்ரான் நகரில் பிறந்த அலீ ஜவான். மின்னாற்றலால் விரைந்து ஆடும் கண்ணாடிகளைக் கொண்டு இசைக்கேற்ப லேசர் கோலமிடும் பொதுக் காட்சி 1973 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கிரிஃபித் வானாய்வகத்தில் தொடங்கியது. இன்று விழா மேடைகளில் நாம் காணும் லேசர் காட்சிகளுக்கு அதுவே முன்னோடி. பலூன் கட்டிய தகர டப்பாவும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான்!

இப்னு ஹைதம் விட்டுச் சென்ற கணக்கு

கண்ணாடியையும் ஒளியையும் பற்றிப் பேசும்போது ஒருவரை நினைக்காமல் இருக்க இயலாது. பஸ்ராவில் ஏறத்தாழ 965இல் பிறந்து, கெய்ரோவில் ஏறத்தாழ 1040இல் மறைந்த இப்னுல் ஹைதம் அவர்கள். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் நாம் பார்க்கிறோம் என்று கிரேக்க அறிஞர் பலர் நம்பி வந்தனர். அப்படியல்ல, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுக்குள் நுழைகிறது என்று சோதனைகளின் துணையோடு நிறுவியவர் இவர். ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் அவருடைய நூல் ஏழு பாகங்கள் கொண்டது.

வளைந்த கண்ணாடியைப் பற்றி அவர் ஆராய்ந்த கணக்கு ஒன்று உண்டு. விளக்கு ஓரிடத்தில், கண் ஓரிடத்தில், நடுவே உருண்டையான கண்ணாடி. விளக்கின் ஒளி அந்த உருண்டையில் எந்தப் புள்ளியில் பட்டால் கண்ணை வந்தடையும்? கேட்பதற்கு எளிது. அவர் கூம்பு வளைவுகளைக் கொண்டு விடை கண்டார். அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு இதைத் தீர்க்க முடியாது என்பதை ஆக்ஸ்போர்டு கணித அறிஞர் பீட்டர் நியூமன் நிறுவியது 1997ஆம் ஆண்டில். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் உயிரோடிருந்த கணக்கு அது! இதை நான் மருமகனுக்குச் சொன்னபோது அவன் கண்கள் விரிந்தன. “அப்போ கண்ணுக்குள்ள வர்ற வெளிச்சம்தானா மாமு எல்லாம்?” என்று கேட்டான். அந்தக் கேள்வியின் ஆழம் அப்போது எனக்கே விளங்கவில்லை. மறுநாள் காலையில்தான் விளங்கிற்று.

என் கையால் நேர்ந்தது

மாடிக்குப் போனோம். மலையிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. “இங்கிருந்து அடிச்சா மலை வரைக்கும் போகும்” என்றான் பையன். அவன் அடிக்கவில்லை. பேனாவை வாங்கியவன் நான். உள்ளே புகையில் கண்ட அழகைப் பனியில் இன்னும் பெரிதாகக் காண வேண்டும் என்ற ஆசை. பொத்தானை அழுத்தினேன். பசும்பொன் கம்பிபோல ஒளி இருளைக் கிழித்துக்கொண்டு மலைச்சரிவு வரை நீண்டது. சிறு பிள்ளையாகவே மாறிப்போனேன். மேலும் கீழும், இடமும் வலமும் கையை ஆட்டி ஒரு பெரிய வட்டம் வரைந்தேன். வளைவொன்றில் இறங்கிக்கொண்டிருந்த விளக்குகள் சட்டென்று நின்றன. நின்றதைப் பார்த்தேன், காரணத்தை நினைக்கவில்லை.

மறுநாள் பஜ்ருத் தொழுகை முடித்துத் தங்கையின் மாமனாரும் நானும் வீடு திரும்பியபோது, வாசலில் ஜீப் ஓட்டுநர் ஒருவர் காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். கோபமாகத் தெரியவில்லை; களைப்பாகத் தெரிந்தார்.

“ராவுத்தரய்யா, தப்பா நினைக்கக் கூடாது. நேத்து ராத்திரி காய் எடுப்பு முடிஞ்சு இறங்க நேரமாயிருச்சு. கீழ் வளைவுல திரும்புறேன், ஒரு பச்சை வெளிச்சம் முன்கண்ணாடி முழுக்க அடிச்சிருச்சு. ரெண்டு நொடி ரோடே தெரியலைங்க. வண்டிக்குள்ள பதினோரு பொம்பளையாளுங்க. பிரேக்கை மிதிச்சு அப்படியே நிறுத்திட்டேன். வெளிச்சம் உங்க வீட்டு மாடியில இருந்து வந்த மாதிரி இருந்துச்சு. சின்னப் பிள்ளைக விளையாட்டா இருக்கும். சொல்லி வைங்க.”

பெரியவர் பேரனைத் திரும்பிப் பார்த்தார். பையன் தலை குனிந்து நின்றான். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளை, ஐம்பது வயது மாமனுக்காகப் பழியை ஏற்க ஆயத்தமாக நின்ற அந்த நொடியை என்னால் மறக்க முடியாது. “பையன் இல்லைங்க. பேனாவைப் பிடிச்சது நான்தான்” என்றேன். வேறு சொற்கள் கிடைக்கவில்லை. ஓட்டுநர் சிறிது நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, “மேலே வர்றீங்களா? அந்த இடத்தை நீங்களே பாருங்க” என்றார்.

பதினேழு வளைவுகள்

அன்று அந்த ஜீப்பிலேயே, அந்தப் பெண்களோடு, போடிமெட்டுக்குப் புறப்பட்டோம். பையனும் உடன் வந்தான். கம்பளிச் சால்வையைத் தலையோடு போர்த்தி, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த பெண்களில் ஒருவர் பையனிடம், “நீதானாய்யா நேத்து எங்களைப் படம் எடுத்தது?” என்று கேட்டுச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டதுபோல் எந்தச் சுடுசொல்லும் சுட்டிருக்காது.

இரண்டு வளைவுகள் கடந்ததும் ஓட்டுநர் அகலமான ஓரிடத்தில் வண்டியை ஒதுக்கி நிறுத்தினார். ஒருபுறம் பாறை, மறுபுறம் முழங்கால் உயரத் தடுப்புச் சுவர், அதற்கப்பால் பள்ளம். கீழே தங்கையின் வீடு தீப்பெட்டி அளவில் தெரிந்தது. அந்த மாடியிலிருந்தா இங்கே ஒளி வந்தது என்று வியப்பாக இருந்தது.

பையன்தான் கணக்குச் சொன்னான். கையிலுள்ள பேனா ஒரே ஒரு பாகை அசைந்தால், பத்து மீட்டரில் புள்ளி பதினேழு சென்டிமீட்டர் நகரும். ஒரு கிலோமீட்டரில் பதினேழு மீட்டர் நகர்ந்துவிடும். அசைவது பேனாவாக இல்லாமல் கண்ணாடியாக இருந்தால் இரட்டிப்பு. கண்ணாடி ஒரு பாகை சாய்ந்தால் ஒளி இரண்டு பாகை திரும்பும். பேனாவின் முனையில் எள்ளளவாக இருக்கும் ஒளிக்கற்றை ஒரு கிலோமீட்டர் செல்வதற்குள் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். அந்தத் தொலைவில் கண்ணைப் பொசுக்கும் ஆற்றல் அதற்கு இராது. ஆனால் இருளுக்குப் பழகிய ஓட்டுநரின் கண்ணைக் கூச வைக்கப் போதும். தூசு படிந்த முன்கண்ணாடி அதைச் சிதறடித்து, ஒளித்திரை ஒன்றையே அவர் முன் விரித்துவிடும். இரண்டு நொடி. மலைப்பாதையில் இரண்டு நொடி என்பது என்ன என்று அந்தத் தடுப்புச் சுவரருகே நின்று பார்த்தவனுக்குத் தெரியும்.

மேலே ஏற ஏறக் குளிர் கூடியது. போடிமெட்டில் தமிழகம் முடிந்து கேரளம் தொடங்குகிறது. காட்டு மரங்களின் நிழலில் ஆளுயர ஏலச்செடிகள். வடக்கே குரங்கணி, அதற்கும் மேலே ஏழாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறச் சென்ற இளைஞர்களும் யுவதிகளும் சிக்கி, 23 பேர் உயிரிழந்த துயரம் இந்த ஊர் மக்கள் நெஞ்சில் இன்னும் ஆறவில்லை. மலை அழகுதான். ஆனால் விளையாட்டுக்கு அது இடம் தருவதில்லை.

அந்தப் பெண்கள் இறங்கித் தோட்டத்துக்குள் மறையும்வரை நின்றிருந்தோம். பனி விலகிக் கதிரவன் எழுந்தான். நம் நாட்டின் நிலப்பரப்பை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும்பணி 1802இல் சென்னைப் பரங்கிமலையருகே தொடங்கியது. பின்னாளில் அப்பணியில், ஒரு குன்றின் மேல் சிறு கண்ணாடியைப் பிடித்துச் சூரிய ஒளியைத் தெறிக்கச் செய்து, பல கல் தொலைவிலுள்ள மற்றொரு குன்றிலிருந்து அந்த மின்னலைக் கருவியால் நோக்கிக் கோணம் அளந்தார்கள். வடகிழக்கே கொடைக்கானலிலும் கண்ணாடிகள் வேலை செய்கின்றன. 1899இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகத்தில், 11 மீட்டர் கோபுரத்தின் உச்சியில் 60 சென்டிமீட்டர் கண்ணாடிகள் கதிரவனைப் பின்தொடர்ந்து, அதன் ஒளியை 60 மீட்டர் நீளமுள்ள சுரங்கப் பாதைக்குள் அனுப்புகின்றன. ஆட்டம் என்பதே அங்கு ஆகாது. அளவோடும் அடக்கத்தோடும் பிடித்த கண்ணாடி நாட்டை அளந்தது, சூரியனை அளந்தது. பொறுப்பின்றிப் பிடித்த என் கை பதினோரு உயிர்களைப் பள்ளத்தின் விளிம்பில் நிறுத்தியது.

சுடும் ஒளியும் காக்கும் ஒளியும்

அன்றிரவு நன்னி அவர்கள் ஒரு செய்தி சொன்னார்கள். சர்க்கரை நோயால் அவர்களுடைய விழித்திரையில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கியபோது, மதுரையில் ஒரு கண் மருத்துவமனையில் லேசர் சிகிச்சை செய்தார்களாம். “பச்சை வெளிச்சம்தான் வாப்பா. பளிச்சு பளிச்சுன்னு அடிச்சாங்க. அதனாலதான் இன்னைக்கு உன் முகத்தைப் பார்க்கிறேன்” என்று பேரனின் கன்னத்தை வருடினார்கள்.

எண்ணிப் பாருங்கள். விழித்திரையில் வேண்டிய இடத்தை மட்டும் அளந்து சுடுவதால் மருத்துவர் பார்வையைக் காக்கிறார். அதே ஒளியை அளவின்றி நேராகக் கண்ணுக்குள் செலுத்தினால், கண்ணின் வில்லை அதை ஊசிமுனையாகக் குவித்து விழித்திரையைப் பொசுக்கிவிடும். அப்படிப் பட்ட வடு பெரும்பாலும் ஆறுவதில்லை. வலியும் தெரியாது. பார்வையின் நடுவில் ஒரு கரும்புள்ளி நின்றுவிடும். ஒரு மில்லிவாட்டுக்கு உட்பட்ட பேனா தவறிப் பட்டாலும், கால் நொடிக்குள் இமை தானே மூடிக் காத்துக்கொள்ளும். அதற்கு மேற்பட்டதில் அந்தக் காவல் போதாது. இதில் மேலட்டையை நம்புவதற்கும் இல்லை. 2013ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசிய தர, தொழில்நுட்ப நிறுவனம் 122 லேசர் பேனாக்களைச் சோதித்து வெளியிட்ட முடிவில், பச்சைப் பேனாக்களில் ஏறத்தாழ 90 விழுக்காடும் சிவப்புப் பேனாக்களில் 44 விழுக்காடும் விதிகளுக்குப் புறம்பானவை என்று தெரிய வந்தது. பச்சைப் பேனாக்கள் பலவற்றில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரும் சேர்ந்து கசிகிறது. அது தெரியாததால் இமையும் மூடாது. திருவிழாக் கடையில் நாம் விளையாட்டுப் பொருளாக வாங்கித் தருவது இதைத்தான்.

“கண்ணுக்குள்ள வர்ற வெளிச்சம்தானா எல்லாம்?” என்று முந்தின மாலை மருமகன் கேட்டதன் பொருள் எனக்கு அப்போது விளங்கியது.

பெட்டிக்குள் அடங்கிய கோலம்

ஊர் திரும்புவதற்கு முன் இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்தோம். பச்சைப் பேனாவைப் பெரியவரிடமே கொடுத்துவிட்டோம். அறிவியல் ஆசிரியரின் யோசனைப்படி, ஒரு மில்லிவாட்டுக்கு உட்பட்ட சிவப்பு லேசரைப் பள்ளி ஆய்வகத்திலிருந்தே பெற்றுப் பயன்படுத்துவதென முடிவாயிற்று. நான்கு கண்ணாடிகளையும் ஒரு மரப்பெட்டிக்குள் அமைத்தோம். பக்கங்கள் நான்கும் பலகை. மேலே நல்ல கண்ணாடி மூடி. உள்ளே ஊதுபத்திப் புகை. ஒளி பெட்டியை விட்டு வெளியே வராது. பார்ப்பவர் மேலிருந்து சதுரத்தைக் காணலாம்.

சிறுமிக்கும் ஒன்று செய்து கொடுத்தோம். அதற்கு லேசரே தேவையில்லை. இரண்டு நீளக் கண்ணாடிப் பட்டைகளை 60 பாகைக் கோணத்தில் சேர்த்து அட்டைக் குழாய்க்குள் செருகி, முனையில் உடைந்த வளையல் துண்டுகளையும் இரண்டு ஏலக்காய்களையும் போட்டோம். கண்ணை வைத்துப் பார்த்தால் ஆறிதழ் மலர். கோணத்தை 45 ஆக்கினால் எட்டிதழ். 360ஐக் கண்ணாடிகளின் கோணத்தால் வகுத்தால் இதழ்களின் எண்ணிக்கை கிடைக்கும். ஸ்காட்லாந்து அறிஞர் டேவிட் புரூஸ்டர் 1816இல் கண்டறிந்த விளையாட்டு இது. பள்ளிவாசல் சுவர்களிலும் பலகணிகளிலும் நம் முன்னோர் கவராயத்தால் வரைந்த எட்டுமுனை விண்மீன்களை இதனுள் அந்தச் சிறுமி தானாகவே கண்டுபிடித்தாள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை இத்தகைய கோலங்களைச் செய்ய விரும்பினால் தடுக்காதீர்கள். ஆனால் இவற்றைக் கடைப்பிடியுங்கள்.

லேசரை எவர் முகத்தின் மீதும், எந்த வாகனத்தின் மீதும், வானூர்தியின் மீதும் ஒருபோதும் திருப்ப விடாதீர்கள். பேனாவைக் கையில் பிடிக்காமல் மேசையில் அசையாதபடி பொருத்தி வையுங்கள். ஒளி செல்லும் மட்டம், அமர்ந்திருப்பவர் கண்மட்டத்துக்கு நன்கு கீழே இருக்கட்டும். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியும் நேரொளியைப் போலவே தீங்கு செய்யும். அது போய் முடியும் இடத்தில் மங்கலான அட்டை ஒன்றை நிறுத்துங்கள். கண்ணாடித் துண்டுகளின் விளிம்பில் நாடா ஒட்டுங்கள். பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் தொடங்கக் கூடாது. பெரியவர் என்றால் என்னைப்போன்ற பெரியவர் அல்லர்!

புறப்படும் நாளன்று காலை, மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜீப் நிறுத்தத்துக்குப் போனான் மருமகன். ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். விடியாத இருட்டில் பெட்டிக்குள் சிவப்புச் சதுரம் அசையாமல் நின்றது. “நல்லாத்தான் இருக்கு. இதை அங்கேயே அடிச்சிருந்தா நாங்களும் பார்த்திருப்போம்ல?” என்றார் முதல் நாள் சிரித்த அதே பெண். ஓட்டுநர் கடைசியாகப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பையனின் தோளைத் தட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

எட்டு மணிக்கு மேல் நான் ரயில் ஏறினேன். பையில் தங்கை கட்டிக்கொடுத்த ஏலக்காய் மணத்தது. மலை பின்னால் நகர்ந்துகொண்டே போயிற்று. நீங்களும் ஒருமுறை போடிக்குப் போய் வாருங்கள். மாலையில் மலைவளைவுகளில் இறங்கி வரும் விளக்குகளைக் கண்டால், அவற்றின் பின்னால் வீடு திரும்பும் தாய்மார்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.